வெலிங்டன் கோல்கீப்பரும் ஜகார்த்தாவின் ஒரு லட்சம் பேரும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், விளையாட்டில் இருக்கிற மாணவ மாணவியருக்குப் பயன்படுகிற மாதிரி இருக்கட்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டார்கள். "மனப்பயிற்சி" என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். பதற்றத்தைப் போக்கப் பத்து வழிகள், வெற்றிக்கு ஏழு படிகள் என்றெல்லாம் எழுத அடியேனுக்குத் தகுதி கிடையாது. நான் படித்தது வரலாறு. ஆகவே வரலாறாகவே சொல்லிவிடுகிறேன். அதுவும் தொலைதூரத்து வரலாறு இல்லை. குன்னூர் ஸ்டேஷனை விட்டு மலை ரயில் கிளம்பினால் அடுத்து வருகிற ஸ்டேஷனிலிருந்து தொடங்குகிற வரலாறு.

வெலிங்டன் என்றதும் நம்மில் பலருக்கு என்ன ஞாபகம் வரும்? பஸ் ஜன்னல் வழியாகத் தெரிகிற நீளமான பாரக்ஸ் கட்டிடம், பளிச்சென்று சுண்ணாம்பு அடித்த கற்கள், ஒரே மாதிரி வெட்டப்பட்ட தலைகள், ஸ்டாப் காலேஜ் அதிகாரிகள் குடும்பத்தோடு வருகிற பேக்கரி. அவ்வளவுதான். ராணுவ வளாகம் என்பதால் உள்ளே எட்டிப் பார்க்கிற வழக்கம் நமக்கு இல்லை. அந்த வேலிக்கு உள்ளே 1950களில் இந்தியாவின் மிகச் சிறந்த கால்பந்து அணிகளில் ஒன்று பந்து உதைத்துக்கொண்டிருந்தது என்று சொன்னால் இன்றைய மாணவர்கள் "அப்படியா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

முதலில் ஊரைப் பற்றி இரண்டு வரி. ஜக்கதலா என்று வழங்கிய இடம் இது. 1850களில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காக இங்கே பாரக்ஸ் கட்டினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் சிப்பாய்களைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயரை வைத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் ஆறாயிரம் அடி. 1758ஆம் ஆண்டைத் தன் பிறப்பாண்டாகக் கொண்டாடும் மெட்ராஸ் ரெஜிமென்ட், இரண்டாம் உலகப் போரின்போது மதுக்கரையில் தன் பயிற்சி மையத்தை வைத்திருந்தது. 1947இல் அந்த மையம் மலையேறி வெலிங்டனுக்கு வந்தது. எம்.ஆர்.சி. என்று நம்ம ஊர்க்காரர்கள் சுருக்கமாகச் சொல்வது இந்த மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டரைத்தான்.

இந்த எம்.ஆர்.சி. 1955இல் டூரண்ட் கோப்பையை வென்றது. டூரண்ட் கோப்பை சாதாரணப் போட்டி இல்லை. 1888இல் சிம்லாவில் தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழமையான கால்பந்துப் போட்டி. அரை நூற்றாண்டு காலம் அதை வாங்கிக்கொண்டு போனவை எல்லாம் பிரிட்டிஷ் பட்டாளங்கள்தான். சுதந்திரத்துக்குப் பிறகு ஹைதராபாத் போலீஸ், ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் என்று பெரிய பெரிய பெயர்கள். அந்த வரிசையில் புகுந்து கோப்பையைத் தூக்கிய முதல் இந்திய ராணுவ அணி நம்ம வெலிங்டன் அணி. ஏதோ அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பது போல 1958இல் மறுபடியும் வென்றார்கள்.

இரண்டு முறையும் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ்.

பெயரைப் பார்த்ததும் திருநெல்வேலிப் பக்கமோ என்று நினைப்போம். பிறந்தது 1935இல், ஹைதராபாத்தில். செகந்தராபாத்தின் சின்னச் சின்ன கிளப்புகளில் ஆடிவிட்டு 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். ஆறடிக்கு மேல் நல்ல உயரம். எம்.ஆர்.சி.யில் அவர் முதலில் ஆடியது கோலில் இல்லை, முன்வரிசையில். சென்டர் பார்வர்டு! கோல் போடுகிறவராக வந்தவர் கோல் காக்கிறவராக மாறியது இந்த மலையில்தான்.

இந்த மாற்றம் கேட்கச் சாதாரணமாக இருக்கும். உயரமான பையன், கையும் நீளம், கோலில் நிறுத்தினார்கள், இதில் என்ன? ஆனால் மைதானத்தில் ஆடியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பார்வர்டு ஒன்பது முறை கோட்டைவிட்டு ஒரு முறை அடித்தால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கோல்கீப்பர் ஒன்பது முறை பிடித்து ஒரு முறை விட்டால் வாரக்கணக்கில் பேசுவார்கள். பார்வர்டு ஓடிக்கொண்டே இருக்கலாம். ஓட்டத்தில் பயம் கரைந்துவிடும். கோல்கீப்பர் இருபது நிமிஷம் சும்மா நிற்க வேண்டும், இருபத்தோராவது நிமிஷத்தில் அரை நொடியில் முடிவெடுக்க வேண்டும். வெலிங்டன் பனிமூட்டம் தெரியும் அல்லவா? மதியம் மூன்று மணிக்கு மேல் எதிர்க் கோல்போஸ்ட் மறைந்துபோகும். பந்து எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாளாவது நின்றவர்களுக்குத்தான் புரியும். (என்னை நிறுத்தியது இரண்டு கற்களுக்கு நடுவில். அதையே என்னால் தாங்க முடியவில்லை.)

கோல்கீப்பர் மனசைப் பற்றி 2007இல் இஸ்ரேலில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மைக்கேல் பார்-எலி என்ற விளையாட்டு உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் பெரிய போட்டிகளில் அடிக்கப்பட்ட 286 பெனால்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய நூற்றுக்கு 29 பந்துகள் கோலின் நடுப்பகுதிக்கே வந்திருக்கின்றன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றது நூற்றுக்கு 6 முறைதான். மற்ற நேரமெல்லாம் இடது பக்கமோ வலது பக்கமோ பாய்ந்திருக்கிறார்கள். ஏன்? பாய்ந்து விழுந்து பந்து போனால் "பாவம், முயற்சி பண்ணினான்" என்பார்கள். நின்ற இடத்திலேயே நின்று பந்து போனால் "மரம் மாதிரி நிக்கிறான் பாரு" என்பார்கள். பார்க்கிறவர்களின் கண்ணுக்குப் பயந்து உடம்பு அசைகிறது. ஆக, கோல்கீப்பருக்கு எதிரி பந்து அடிக்கிறவன் மட்டும் இல்லை, காலரியும்தான்.

சரி, இந்தப் பயத்தை அந்தக் காலத்தில் எப்படிச் சமாளித்தார்கள்? ராணுவத்தில் மனப்பயிற்சி என்று தனியாக ஒரு பீரியட் கிடையாது. ரெக்ரூட்டாக வருகிற பையனைக் காலையில் எழுப்பி ஓடவிடுவார்கள். ஒரே அசைவை நூறு தடவை, ஆயிரம் தடவை செய்ய வைப்பார்கள். துப்பாக்கியைப் பிரித்துச் சேர்க்கிற வேலையைக் கண்ணை மூடிக்கொண்டும் செய்கிற அளவுக்குக் கை பழக வேண்டும். நமக்கு அது முட்டாள்தனமாகத் தோன்றும். "மூளைக்கு வேலையே இல்லையே" என்று கல்லூரிப் பையன்கள் கிண்டல் அடிப்பதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் கணக்கு வேறு. குண்டு பாய்கிறபோது மூளை நின்றுபோகும், அப்போது கை தானாக வேலை செய்யட்டும் என்பதுதான் அந்தக் கணக்கு. இது எவ்வளவு ஆழமான கணக்கு என்பதை உளவியல்காரர்கள் பின்னாடிதான் கண்டுபிடித்தார்கள். அதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

வெளிநாட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? விளையாட்டு உளவியல் என்பது பிறந்து ரொம்ப நாள் ஆகவில்லை. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கோல்மன் கிரிஃபித் என்பவர் 1925இல் இதற்கென்று ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதை மூடியும் விட்டார்கள். வெலிங்டன் அணி இரண்டாவது டூரண்ட் வென்ற அதே 1958இல் பிரேசில் அணி உலகக் கோப்பைக்கு சுவீடன் போனபோது, ஜோவா கார்வல்யாஸ் என்ற உளவியலாளரையும் கூட்டிக்கொண்டு போனது. அவர் ஆட்டக்காரர்களைப் படம் வரையச் சொன்னார், கேள்வி கேட்டார், பரீட்சை வைத்தார். ஒரு பதினேழு வயதுப் பையன் இன்னும் குழந்தைத்தனமாக இருக்கிறான், போராடும் குணம் இல்லை, ஆட வைக்க வேண்டாம் என்றார். அந்தப் பையன் பெலே! கரிஞ்சாவையும் வேண்டாம் என்றுதான் சொன்னார். பயிற்சியாளர் ஃபியோலா அந்த அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு இருவரையும் இறக்கினார். கோப்பை பிரேசிலுக்கு வந்தது. இதைச் சொல்லி உளவியலே வீண் என்று சிரிப்பவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மேஜையில் உட்கார்ந்து ஆளை அளப்பது வேறு, மைதானத்தில் ஆளைப் பழக்குவது வேறு என்று மட்டும் சொல்வேன்.

மைதானத்தில் பழக்குகிற அந்த வித்தையில் இந்தியாவில் ஒரு மகா மேதை இருந்தார். சையத் அப்துல் ரஹீம். 1909இல் ஹைதராபாத்தில் பிறந்தவர், தொழில் பள்ளிக்கூட வாத்தியார். ரஹீம் சாப் என்றுதான் எல்லாரும் சொல்லுவார்கள். ஹைதராபாத் போலீஸ் அணியைப் பயிற்றுவித்து, பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950இலிருந்து 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வாங்க வைத்தார். 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். அங்கே நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டதை அப்பா, தாத்தாக்களிடம் கேட்டிருப்பீர்கள். மெல்போர்ன் அணியிலும், 1960 ரோம் ஒலிம்பிக் அணியிலும் நம்ம தங்கராஜ் இருந்தார். இடையில் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு வேறு. வெலிங்டன் மைதானத்திலிருந்து டோக்கியோவுக்கும் ரோமுக்கும் போனார் என்றால் மலைக்காரர்கள் கொஞ்சம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

ரஹீம் சாப் ஹைதராபாத்தில் விசித்திரமான போட்டிகளை நடத்துவாராம். ஒரு போட்டியில் யாரும் டிரிப்ளிங் செய்யக் கூடாது. பந்து வந்த உடனே பாஸ் கொடுத்துவிட வேண்டும். இன்னொரு போட்டியில் வலது காலன் இடது காலால்தான் அடிக்க வேண்டும். குள்ளமான பையன்களுக்கென்று உயரக் கட்டுப்பாடு வைத்து ஒரு போட்டி. பார்த்தவர்கள் வேடிக்கை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் இதுவும் பட்டாளத்துக் கணக்குதான். ஆட்டத்தின் நெருக்கடியில் "எந்தக் காலால் அடிக்கட்டும்?" என்று யோசிக்க நேரம் கிடையாது. யோசனையைப் பயிற்சியிலேயே முடித்துவிட்டு, மைதானத்துக்குப் பழக்கத்தை மட்டும் கொண்டுவர வேண்டும்.

இனி 1962க்கு வருவோம். நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு. இந்தோனேசியா தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் அனுமதி கொடுக்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லலாமா என்று கேள்வி கிளப்பியவர் ஜி.டி. சோந்தி என்ற இந்தியர். ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் முக்கியப் பொறுப்பில் இருந்தவர். அவர் கேட்டது நியாயமா இல்லையா என்பது வேறு விவகாரம். ஊர் கொந்தளித்துவிட்டது. செப்டம்பர் 3ஆம் தேதி இந்தியத் தூதரகத்தையே தாக்கினார்கள். மறுநாள் கால்பந்து இறுதி ஆட்டம். அரங்கில் ஒரு லட்சம் பேர், இந்தியா என்ற பெயரைக் கேட்டாலே ஊளையிடுகிற கூட்டம்.

அணியின் நிலைமையோ அதைவிட மோசம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்றிருந்தார்கள். அதன்பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று வென்று இறுதிக்கு வந்தால், எதிரில் நிற்பது அதே கொரியா. தடுப்பு வரிசையின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடி, ஆறு தையல். தங்கராஜுக்குக் காய்ச்சல், இடையில் பிரத்யுத் பர்மன்தான் கோலைக் காத்தார். எல்லாவற்றுக்கும் மேலே, ரஹீம் சாபுக்கே நுரையீரலில் புற்றுநோய். ஆட்டக்காரர்களில் பலருக்கு அப்போது அது தெரியாது.

ரஹீம் இரண்டு முடிவுகள் எடுத்தார். தலையில் கட்டோடு இருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையில் நிறுத்தாமல் முன்வரிசையில் சென்டர் பார்வர்டாக இறக்கினார். அரையிறுதியில் அப்படி இறக்கினதும் அவர் கோல் போட்டிருந்தார். ஏதோ சூதாட்டம் மாதிரி தோன்றும். ஆனால் ஜர்னைல் மாணவப் பருவத்தில் முன்வரிசையில் ஆடிப் பழகினவர்தான். அடுத்தது, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை மறுபடியும் கோலில் நிறுத்தினார். பர்மன் மோசமாக ஆடினார் என்று யாரும் சொல்லவில்லை. கொரியர்களின் உயரப் பந்துகளுக்கு உயரமும், ஒரு லட்சம் பேரின் சத்தத்துக்கு அனுபவமும் வேண்டும் என்று பார்த்திருப்பார் போலிருக்கிறது.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி யாருக்கும் தூக்கம் வரவில்லை. ரஹீம் சாப் பிள்ளைகளிடம், எனக்கு நீங்கள் நாளைக்கு ஒரு பரிசு தர வேண்டும், அந்தத் தங்கத்தை வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டார். அன்று ஆடியவர்கள் பின்னாளில் பலமுறை சொன்ன செய்தி இது. வேறு நீளமான பிரசங்கம் எதுவும் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

1962 செப்டம்பர் 4. தேசிய கீதம் வாசிக்கும்போதும் கூச்சல். அவ்வளவு பெரிய அரங்கத்தில் இந்தியாவுக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று சொல்லுவார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு என்னவோ செய்யும். 17ஆவது நிமிஷம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆவது நிமிஷம் தலைக்கட்டோடு ஜர்னைல் ஒரு கோல். மூன்று நிமிஷத்தில் எல்லாம் மாறிப்போனது. அதற்கப்புறம்தான் கோல்கீப்பரின் வேலை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த இரண்டு கோலைக் காக்க வேண்டும். 85ஆவது நிமிஷத்தில் கொரியா ஒன்றைத் திருப்பிவிட்டது. மீதம் ஐந்து நிமிஷம். ஒரு லட்சம் பேர் கொரியாவுக்காகக் கத்துகிறார்கள். தங்கராஜ் அதற்கப்புறம் ஒன்றையும் விடவில்லை. 2-1. தங்கம். அதற்குப் பிறகு இன்று வரை ஆசிய விளையாட்டில் இந்தியா கால்பந்துத் தங்கம் வாங்கவில்லை. 1970 பாங்காக்கில் வெண்கலம் மட்டும்.

அந்த அணியின் கேப்டன் சுனி கோஸ்வாமி. பி.கே., சுனி இருவரோடும் சேர்த்துச் சொல்லப்படும் மூன்றாவது பெயர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தின் அம்முகூடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், 2023இல் காலமானார். ஹைதராபாத் கால்பந்தில் நம்மவர்களின் பங்கு பற்றி யாராவது ஒரு தனிக் கட்டுரை எழுதினால் அடுத்த மலருக்கு ஆகும்.

இப்போது முன்பு பாக்கி வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு வேலை நன்றாக வருமா, கெட்டுப்போகுமா? 1898லேயே நார்மன் டிரிப்லெட் என்ற அமெரிக்கர் சைக்கிள் பந்தயக்காரர்களின் நேரக் கணக்கைப் பார்த்து, தனியாக ஓட்டுவதைவிடக் கூட்டத்தோடு ஓட்டும்போது வேகம் கூடுகிறது என்றார். அப்புறம் வந்த சோதனைகளில் சிலவற்றில் கூடியது, சிலவற்றில் குறைந்தது. ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். 1965இல், அதாவது ஜகார்த்தா ஆட்டம் முடிந்து மூன்று வருஷம் கழித்து, ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் முடிச்சை அவிழ்த்தார். பார்வையாளர் இருக்கும்போது உடம்பில் ஒரு பரபரப்பு ஏறுகிறது. அந்தப் பரபரப்பு எது நமக்கு ஊறிப்போன பழக்கமோ அதை வெளியே தள்ளுகிறது. பழக்கம் சரியாக இருந்தால் ஆட்டம் மேலும் மிளிரும். அரைகுறையாகக் கற்றதாக இருந்தால் சொதப்பல்தான்.

1969இல் அவர் இதைக் கரப்பான் பூச்சிகளை வைத்துச் சோதித்தார். சிரிக்காதீர்கள், நிஜம். நேரான பாதையில் ஒரு கரப்பானை ஓடவிட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடிப் பெட்டிகளில் வேறு கரப்பான்களைப் பார்வையாளர்களாக உட்கார வைத்தார். பார்வையாளர் இருந்தபோது ஓட்டம் வேகமானது. அடுத்து, திரும்பி வளைந்து வழி கண்டுபிடிக்க வேண்டிய பாதையில் ஓடவிட்டார். அப்போது பார்வையாளர் இருந்தால் தடுமாறி நேரம் கூடியது. சுலபமான வேலைக்குக் கூட்டம் துணை, கஷ்டமான வேலைக்குக் கூட்டம் பகை. கரப்பானுக்கே இப்படி என்றால் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகிற நம்ம பிள்ளைகளுக்குக் கேட்கணுமா?

ரஹீம் சாப் செய்தது என்ன என்று இப்போது பாருங்கள். கஷ்டமான வேலையைச் சுலபமான வேலையாக மாற்றிவிட்டார். ஒரே தொடுதலில் பாஸ், இரண்டு காலிலும் உதை, இதெல்லாம் வருஷக்கணக்கில் பழகிப் பழகி நேர்ப்பாதை ஓட்டம் மாதிரி ஆகிவிட்டன. அதற்கப்புறம் ஒரு லட்சம் பேர் கத்தினால் கத்தட்டும். அந்தச் சத்தமே இவர்களை உந்தித் தள்ளும். வெலிங்டன் பரேடு மைதானத்திலும் இதைத்தான் செய்தார்கள், பெயர் வைக்காமல். தங்கராஜ் இரண்டு பள்ளியிலும் படித்தவர்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1963 ஜூன் 11ஆம் தேதி ரஹீம் சாப் இறந்துபோனார். ஜகார்த்தா முடிந்து ஒன்பது மாதம்தான். அவர் செய்த பயிற்சி அவரோடு போய்விட்டது. அவர் பேசிய பேச்சு மட்டும் தங்கிவிட்டது. "பரிசு கேட்டார், பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள்" என்பது கதையாகச் சொல்ல நன்றாக இருக்கிறது. ஒரு காலால் மட்டும் அடிக்கிற போட்டியை வருஷம் பூராவும் நடத்தியது கதையாகச் சொல்ல அவ்வளவு நன்றாக இல்லை. 2024இல் வந்த "மைதான்" இந்திப் படம் இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டது. அழகாக எடுத்திருக்கிறார்கள், தங்கராஜும் அதில் வருகிறார். ஆனால் படம் பார்த்துவிட்டு வருகிற பையன் மனசில் நிற்பது அந்தக் கடைசி ராத்திரியாகத்தான் இருக்கும்.

பேச்சுக்குச் சக்தி இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜகார்த்தாவில் முதல் கோல் போட்ட பி.கே. பானர்ஜி பிறகு கொல்கத்தாவின் பெரிய பயிற்சியாளர் ஆனார். ஆட்டத்துக்கு முன்னால் அவர் கொடுக்கிற பேச்சுக்கு "வோக்கல் டானிக்" என்றே பெயர். வங்காளத்தில் அது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 1997 ஜூலை 13ஆம் தேதி சால்ட் லேக் அரங்கில் பெடரேஷன் கோப்பை அரையிறுதி. ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும். 1,31,000 பேர் பார்த்த ஆட்டம். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா எதிரணி ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்; பைச்சுங் பூட்டியாவை "சுங்சுங்" என்றார். பி.கே.யின் ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. அந்தச் சுங்சுங் மூன்று கோல் போட்டார். கேலியையே டானிக்காகக் கலக்கிக் கொடுத்துவிட்டார் பி.கே. என்று எல்லாரும் ரசித்துச் சொன்னார்கள். ஆனால் பைச்சுங்குக்குக் கோல் போடத் தெரியாமல் இருந்திருந்தால் எந்த டானிக்கும் வேலை செய்திருக்காது. கல்லூரிக் காலத்தில் நாம் கேட்டதெல்லாம் வெறும் டானிக்தான். கோயம்புத்தூருக்கு மேட்ச் ஆடப் போகிற பஸ்ஸில், கல்லாறு வளைவில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிறவனிடம் போய் "நம்பிக்கையோட இரு, டென்ஷன் ஆகாதே" என்றால் என்ன ஆகும்? டென்ஷன் இன்னும் கொஞ்சம் கூடும். டென்ஷன் வந்தாலே நான் கோழை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொள்வான். அப்படி நினைத்துக்கொண்டே ஆட்டத்தை விட்டுவிட்ட நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு செட்டிலும் இரண்டு பேராவது இருந்தார்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கிற யாராவது ஒருவருக்குச் சுருக்கென்று இருக்கும், எனக்குத் தெரியும்.

காலம் இப்போது ரொம்ப மாறிவிட்டது. 1920இல் ஹாரி பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியபோது இந்தியாவில் உடற்கல்வியே புதுசு. இன்று உடற்கல்வி படிக்கிற எந்த மாணவருக்கும் விளையாட்டு உளவியல் ஒரு பாடம். 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் நம்ம சென்னைப் பையன் குகேஷ் 18 வயதில் உலக சதுரங்க சாம்பியன் ஆனபோது, அவருக்குப் பின்னால் மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் இருந்தார். 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த அதே தென்னாப்பிரிக்கர். குகேஷும் முதல் ஆட்டத்தில் தோற்றார், அதுவும் வெள்ளைக் காயில். 1962 அணியும் முதல் ஆட்டத்தில் தோற்றது, அதுவும் கடைசியில் எதிர்ப்பட்ட அதே எதிரியிடம். முதல் தோல்விக்குப் பிறகு பழகின வேலைக்குத் திரும்பி வருவதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. குகேஷுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கப் படித்த நிபுணர் இருந்தார். தங்கராஜுக்கு ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் ஒரு பட்டாளமும் இருந்தார்கள்.

மாணவர்களுக்கு நடைமுறையாக ஒன்று சொல்லலாம் என்றால் இதுதான். பயிற்சியின்போதே சத்தத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெனால்டி பயிற்சி செய்கிற அன்றைக்கு ஹாஸ்டல் பூராவையும் மைதானத்துக்கு வரவழைத்துக் கூச்சல் போடச் சொல்லுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இடது காலால் மட்டும் ஒரு மேட்ச், ஒரே தொடுதலில் ஒரு மேட்ச் நடத்திப் பாருங்கள். ஒரு ரூபாய் செலவு இல்லை. முன்னாள் மாணவர் சங்கம் கோப்பை வாங்கிக் கொடுக்கத் தயாராக இருக்கும் என்று நினைக்கிறேன். பொருளாளர் என்னை மன்னிக்கவும்.

தங்கராஜின் மீதிக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். 1960இல் அவர் தலைமையில் சர்வீசஸ் அணி சந்தோஷ் கோப்பையை வென்றது. அதன்பிறகு ராணுவத்தை விட்டுக் கொல்கத்தா போனார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டிலும் இருந்தார். 1967இல் அர்ஜுனா விருது. எம்.ஆர்.சி. 1958க்குப் பிறகு டூரண்ட் கோப்பையை வெல்லவில்லை. ஆடி முடித்தபின் அவர் பயிற்சியாளரானார்; பல ஊர்களுக்குப் பிறகு பொகாரோ உருக்காலை நகரத்தில் தங்கி அங்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 2008 நவம்பர் 24ஆம் தேதி அங்கேயே காலமானார்.